படிவத்தில் மொழிக்கு ஒரு கட்டம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையின் பொருள் அளவில் மிகச் சிறியது. இணையப் படிவம் ஒன்றை நிரப்பும்போது பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கைத்தொலைபேசி எண் ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு கட்டம் வருவதுண்டு. 'விரும்பும் மொழி' என்று அதற்குத் தலைப்பு இருக்கும். அம்புக்குறியைத் தட்டினால் சில மொழிகளின் பெயர்கள் கீழே இறங்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. முன்பே குறிக்கப்பட்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். பல படிவங்களில் அந்தக் கட்டமே இருப்பதில்லை.

இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். கணினி நிரலில் இந்தக் கட்டத்தைச் சேர்க்க, தொழில் தெரிந்த ஓர் இளையருக்கு அரைமணி நேரம் போதும். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அவர் எடுக்கும் முடிவுகள் பல ஆண்டுகள் நிலைத்துவிடுகின்றன. வயதான ஒருவர் மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தைத் தாமே படித்துக்கொள்கிறாரா, பேரப்பிள்ளை பள்ளிவிட்டு வரும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாரா என்பதை அந்த முடிவுகளே தீர்மானிக்கின்றன.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தது

சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள். அரசமைப்புச் சட்டத்திலேயே இது இடம்பெற்றுள்ளது. மலேசியாவில் மலாய் தேசிய மொழி. அதே வேளையில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அந்நாட்டில் இயங்குகின்றன. ஆகவே, ஒருவரிடம் 'உங்களுக்கு எந்த மொழி வசதி?' என்று கேட்பது இந்த வட்டாரத்தில் புதிய பழக்கமல்ல. கடை முதல் கோயில் வரை அன்றாடம் கேட்கப்படும் கேள்வி அது.

இணையத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாத காலம் ஒன்று இருந்தது. தமிழ் எழுத்துகளைத் திரையில் கொண்டுவருவதே அன்று பெரும்பாடு. 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் ஒன்றை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். தமிழ் இணையத்தில் ஏறிய தொடக்க நிகழ்வுகளில் அது முக்கியமானது. அதன் தமிழ்ப் பகுதிக்காக உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. ஓர் எழுத்துருவில் எழுதியதை இன்னோர் எழுத்துருவில் படிக்க முடியாத குழப்பத்துக்கு முடிவுகட்ட அறிஞர்கள் கூடிப் பேசினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் தமிழ்த் தட்டச்சைக் கணினியில் பரவலாக்கியது.

இன்று யூனிகோடு வந்து அந்தக் குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. கடையில் வாங்கும் சாதாரணக் கைத்தொலைபேசியிலும் தமிழ் எழுத்துகள் தெரிகின்றன. 'தமிழ் எழுத்துரு இல்லை' என்ற சாக்கு இப்போது எடுபடாது. சிக்கல் எழுத்திலிருந்து படிவத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள்

கட்டத்தை எழுதத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'மொழி' என்று ஒரே சொல்லில் கேட்கும்போது மூன்று வெவ்வேறு கேள்விகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. இந்தப் பக்கத்தை எந்த மொழியில் படிக்க விரும்புகிறீர்கள் என்பது முதற்கேள்வி. உங்களுக்குக் கடிதம் எழுதவும் உங்களிடம் பேசவும் எந்த மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்பது இரண்டாவது. உங்கள் தாய்மொழி எது என்பது மூன்றாவது.

இம்மூன்றுக்கும் விடை ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவது தவறு. தமிழைத் தாய்மொழியாகப் பள்ளியில் படித்த இளையர் வங்கிக் கடிதத்தை ஆங்கிலத்தில் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் படித்துத் தோட்டப்புறத்தில் வளர்ந்த ஒருவர் மலாயில் சரளமாகப் பேசுவார். ஆனால் இரண்டு பக்கக் கடிதத்தைத் தமிழில் படிப்பதே அவருக்கு எளிதாக இருக்கும். வேறொருவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவருக்குத் தமிழில் கடிதம் அனுப்பிப் பயனில்லை. தமிழில் தொலைபேசியில் பேசினால்தான் பயன்.

ஆகவே மருத்துவம், காப்புறுதி போன்ற துறைகளில் 'எந்த மொழியில் எழுத வேண்டும்?', 'எந்த மொழியில் பேச வேண்டும்?' என்று இரண்டு கட்டங்கள் இருப்பது நல்லது. ஒரு கட்டம் கூடுதலாவதால் படிவம் பாழாகிவிடாது.

கேட்காமல் ஊகிக்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. இணைய உலாவி ஒவ்வொரு முறையும் தன் மொழி விருப்பத்தைத் தளத்துக்கு அறிவிக்கிறது. அதை வைத்தே முடிவு செய்யலாம் என்பது அவர்கள் வாதம். பக்கத்தை எம்மொழியில் காட்டுவது என்பதற்கு அது உதவும். ஆளின் மொழியை அறிய அது உதவாது. கைத்தொலைபேசியைக் கடையில் ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுத்திருப்பார்கள். வாங்கியவர் அதை மாற்றியிருக்கமாட்டார். அதற்கும் மேலாக, அம்மாவுக்காகப் படிவத்தை நிரப்புபவர் பெரும்பாலும் மகளோ மகனோதான். மகள் ஆங்கிலப் பக்கத்தில் அமர்ந்து நிரப்புகிறார். கணினி அதைப் பார்த்து, அம்மாவின் மொழி ஆங்கிலம் என்று எழுதிக்கொள்கிறது. அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு வரும் கடிதமெல்லாம் ஆங்கிலம். அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிரலுக்குள் நடப்பது

இனி நிரலுக்குள் எட்டிப்பார்க்கலாம். இணையப் பக்கம் எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். மொழியில் கீழிறங்கும் பட்டியலுக்கு 'செலக்ட்' என்று பெயர். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஓர் 'ஆப்ஷன்'. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று மனிதர் கண்ணுக்குத் தெரிவது. மற்றொன்று, படிவத்தை அனுப்பும்போது கணினிக்குப் போய்ச் சேரும் மதிப்பு. கண்ணுக்குத் தெரிவது 'தமிழ்' என்னும் சொல். கணினிக்குப் போவது 'டி-ஏ' என்னும் ஈரெழுத்துக் குறியீடு. ஐ.எஸ்.ஓ. 639 என்னும் அனைத்துலகத் தரத்தில் தமிழுக்கு அளிக்கப்பட்ட குறியீடு அது.

'தமிழ்' என்ற சொல்லையே அனுப்பினால் என்ன? அனுப்பலாம், தொல்லைதான். ஒரு படிவத்தில் தமிழ் எழுத்தில் 'தமிழ்', இன்னொன்றில் ஆங்கில எழுத்தில், மூன்றாவதில் அதுவே பெரிய எழுத்தில் என்று பதிவாகும். ஆண்டு முடிவில் கணக்கெடுக்கும்போது ஒரே மொழி மூன்று மொழிகளாக நிற்கும். மேலும், யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். மொத்தம் 15 பைட்டுகள். யூனிகோடு அறியாத பழைய தரவுத்தளத்தில் அது போய் விழுந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகளே மிஞ்சும். குறியீட்டுக்கு இந்த ஆபத்து இல்லை.

குறியீட்டிலும் கவனம் வேண்டும். நாட்டுக் குறியீடு வேறு, மொழிக் குறியீடு வேறு. மலாய்க்குரிய மொழிக் குறியீடு 'எம்-எஸ்'. மலேசியா என்பதை நினைத்துக்கொண்டு 'எம்-ஒய்' என்று போட்டால் அது பர்மிய மொழியைக் குறிக்கும். மலாய் என்ற பெயரைச் சுருக்குவதாக எண்ணி 'எம்-எல்' என்று போட்டால் மலையாளம் வந்துவிடும். 'எஸ்-ஜி' என்பது சிங்கப்பூரின் நாட்டுக் குறியீடு. மொழிப் பட்டியலிலோ அது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பேசப்படும் சாங்கோ மொழி. சீனத்துக்கு 'சி-என்' என்று எழுதுவோர் உண்டு. அது நாட்டைக் குறிப்பது. மொழிக்கு 'சோங்வென்' என்னும் அதன் சொந்தப் பெயரிலிருந்து வந்த 'இசட்-எச்' என்பதே சரி.

தேர்ந்தெடுத்த மொழியைத் தளம் வாங்கிக்கொள்ளும்போது, வந்த மதிப்பு பட்டியலில் உள்ளதுதானா என்று சரிபார்க்க வேண்டும். இணையத்தின் வழி வரும் எதையும் அப்படியே நம்பக்கூடாது என்பது நிரலாளருக்குப் பாலபாடம். அடுத்து, தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்து படிவம் திரும்பி வந்தால், தேர்ந்தெடுத்த மொழி அப்படியே நிற்க வேண்டும். பல படிவங்களில் அது சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. தமிழைத் தேர்ந்தெடுத்தவர் தமிழே பதிவானதாக நினைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்.

பெயரும் கொடியும்

பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே இருக்க வேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கட்டம் மிகவும் தேவை. அவருடைய மொழியை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தால் அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? நோயாளிக்கு மருந்தைப் பூட்டிய அலமாரியில் வைத்துக் காட்டுவது போலத்தான் அது.

அழகுக்காகக் கொடிகளைப் போடுவோரும் உண்டு. தமிழுக்கு எந்தக் கொடி? இந்தியாவா, இலங்கையா, சிங்கப்பூரா? மலாய்க்கு மலேசியாவா, புருணையா, சிங்கப்பூரா? ஆங்கிலத்துக்கு இங்கிலாந்தா, அமெரிக்காவா? கொடி நாட்டுக்கு உரியது. மொழிக்கு அதன் பெயரே போதும்.

மொழிகள் நான்கே என்றால் கீழிறங்கும் பட்டியலைவிட, நான்கு பெயர்களையும் திறந்த வெளியில் வைத்து ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வட்டம் போடுவது மேல். கை நடுங்கும் முதியவருக்கு ஒரே தட்டில் வேலை முடியும். தமிழ் இருக்கிறது என்பதும் கண்ணில் படும்.

பக்கம் எந்த மொழியில் உள்ளது என்பதை நிரலில் அறிவிக்க 'லாங்' என்னும் பண்பு இருக்கிறது. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 தரத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பு மென்பொருள் அதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. நான்கு மொழிப் பெயர்கள் கலந்து நிற்கும் இடத்தில் ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பண்பைத் தனித்தனியே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஆங்கிலக் குரல் 'தமிழ்' என்ற சொல்லைத் தடுமாறிப் படிக்கும்; அல்லது தாண்டிப் போய்விடும்.

காலியிடத்தின் மதிப்பு

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதிக்கு இப்போது வரலாம். பல ஆண்டுகளாக இயங்கிவரும் ஒரு தளத்தில் புதிதாக மொழிக் கட்டத்தைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே பதிந்திருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? வேலை எளிதாக முடிய வேண்டும் என்று நினைக்கும் நிரலாளர் ஒரே வரியில் எல்லோருக்கும் 'இ-என்', அதாவது ஆங்கிலம் என்று நிரப்பிவிடுவார். புதிதாக வருவோருக்கும் முன்தேர்வாக ஆங்கிலமே நிற்கும்.

தீய எண்ணம் அதில் எதுவுமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அடுத்த ஆண்டு மேலதிகாரி ஓர் அறிக்கை கேட்கிறார். ஆங்கிலத்தை விரும்புவோர் மிகப் பெரும்பாலோர், தமிழை விரும்புவோர் கைவிரல் விட்டு எண்ணக்கூடியோர் என்று அறிக்கை சொல்கிறது. 'ஆளே இல்லாத மொழிக்கு ஏன் செலவு?' என்ற கேள்வி எழுகிறது. தமிழ்ப் பக்கம் நிறுத்தப்படுகிறது. கேட்கப்படாத மக்கள் பதில் சொன்னதாகக் கணக்கில் ஏறிவிட்டார்கள். கட்டம் இல்லாதவரை ஆள் தெரியவில்லை. ஆள் தெரியாததால் கட்டமும் போய்விட்டது.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. பழைய பதிவுகளில் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். 'இன்னும் கேட்கவில்லை' என்பதே அதன் பொருள். அவர் அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்ளலாம். புதிய படிவத்தில் எந்த மொழியையும் முன்தேர்வு செய்யாமல், 'தேர்ந்தெடுக்கவும்' என்ற வரியை முதலில் வைக்கலாம். அந்த வரியின் மதிப்பை வெறுமையாக வைத்து, கட்டத்தைக் கட்டாயமாக்கினால், ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் படிவம் நகராது. விநாடி நேர வேலைதான். அந்த விநாடியில் கிடைப்பது உண்மையான பதில்.

எண்ணிக்கையில் தமிழர்கள் சிறுபான்மை என்பது மறைக்க வேண்டிய செய்தியல்ல. சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர் வீட்டில் தமிழையே அதிகம் பேசுகின்றனர். ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். இக்கணக்கு வீட்டுப் பேச்சைப் பற்றியது. மருந்துச் சீட்டை யார் எந்த மொழியில் புரிந்துகொள்கிறார் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது படிவத்தில் உள்ள அந்தச் சிறிய கட்டம்தான். சிறிய எண்ணிக்கை என்பதால்தான் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும்.

கட்டத்துக்குப் பின்னால்

கட்டத்தைச் சேர்த்தால் மட்டும் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. 'தமிழ்' என்று தேர்ந்தெடுத்தவருக்கு அடுத்த வாரம் ஆங்கிலக் கடிதம் வந்தால், கட்டம் இல்லாமல் இருந்ததைவிட அது மோசம். கேட்டுவிட்டுக் கொடுக்காமல் போவது மனத்தை நோகடிக்கும்.

கட்டத்துக்குப் பின்னால் வேலை நிறைய இருக்கிறது. தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும். கடித வார்ப்பில் பெயருக்கு இடம்விட்டு, பக்கத்தில் 'உக்கு' என்று எழுதிவைத்தால் 'ராஜன்உக்கு' என்று அச்சாகும். 'அவர்களுக்கு' என்று தனிச்சொல்லாக எழுதினால் எந்தப் பெயரும் பொருந்தும். பொத்தானில் ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல் அடங்காது. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துகள் கிடைக்கும். யூனிகோடு எழுத்துகளில் அனுப்பினால் பொதுவாக 70 குறிகள்தான். ஆங்கிலத்தில் ஒரே செய்தியாகப் போவது தமிழில் இரண்டு மூன்றாகப் பிரியும்; செலவும் கூடும். இதை முன்கூட்டியே வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்காவிட்டால், பிறகு முதலில் வெட்டுப்படுவது தமிழ்ச் செய்தியாகவே இருக்கும்.

கணினி மொழிபெயர்ப்பு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. வரைவு எழுத அது உதவட்டும். ஆனால் மருந்தின் அளவும் பணத்தின் தவணையும் உள்ள கடிதத்தைத் தமிழறிந்த ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

அவ்வளவு வசதி இல்லாத சிறிய அமைப்பு என்ன செய்வது? உள்ளதைச் சொல்லலாம். 'கடிதம் ஆங்கிலத்தில் வரும். தமிழில் விளக்கம் பெற இந்த எண்ணை அழையுங்கள்' என்று கட்டத்தின் அருகே ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியைத் தமிழில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

நேயர்களே, குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பெற்றோருக்காகப் படிவம் நிரப்பும் பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது ஒரு கணம் நின்று, 'அம்மா, உங்களுக்குக் கடிதம் எந்த மொழியில் வந்தால் வசதி?' என்று கேட்க வேண்டும். தமிழ் என்று அவர் சொன்னால் தமிழையே தட்ட வேண்டும். 'இங்கிலீஷே இருக்கட்டும், நான் படிச்சுச் சொல்றேன்' என்று சொல்வது பாசத்தால்தான். ஆனால் பிள்ளை வெளியூர் போயிருக்கும் நாளில் வரும் கடிதத்தை யார் படிப்பது? தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்தையே தட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தமிழுக்கு இடமில்லை என்று வருந்துவதில் நியாயம் குறைவு.

நிரலாளர் தொழிலில் தமிழ் இளையர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் புதிய படிவம் ஒன்று உருவாகும்போது, 'இதில் மொழியைக் கேட்க வேண்டாமா? கேட்டால் அதன்படி நடக்க ஏற்பாடு உண்டா?' என்று கூட்டத்தில் எழுந்து கேட்க அவர்களால் முடியும். சரியான குறியீட்டைப் போடவும், காலியிடத்தைக் காலியாகவே விடவும் அவர்களால் முடியும். அதற்குத் தனியாகத் தமிழ்த் தொண்டு என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. வாங்குகிற சம்பளத்துக்குச் செய்யும் வேலையை ஒழுங்காகச் செய்வதுதான் அது. அந்த ஒழுங்கினால், அடுத்த கடிதம் வரும் நாளில் யாரோ ஒரு பாட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாருக்கும் காத்திராமல், தாமே அதைப் படித்து முடிப்பார்.